மூன்று கால், மூன்று பேர்

சண்டையா? நானா? கடைசி வீட்டுக்காரி வந்து சொன்னாளாக்கும். மீன் வாங்கப் போகிற வழியில் கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்திருப்பாள், தங்கச்சி. உள்ளே நான் நாலு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிரில் கடை முதலாளி, சீனத் தவுக்கே, தலையை ஆட்டி ஆட்டி மூன்று விரலைக் காட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை மாதிரிதான் தெரியும். விலை பேசினோம் என்று சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் நியாயம் இருக்கும். நாங்கள் பேசியது விலையே இல்லை. காலைப் பற்றி. எனக்கு நாலு கால் வேண்டும், கடைக்காரரிடம் மூன்று கால்தான் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சிரிக்காதே. நான் போனது கேமரா வைக்கிற ஸ்டாண்டு வாங்க. இந்தச் சுவர்மேல் சாய்ந்துகொள், முதலிலிருந்தே சொல்கிறேன். அவளிடமும் நீயே சரியாகச் சொல்லிவிடு.

கேமரா என் மகளுடையது. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாளே, அவள்தான். புதுக் கைப்பேசி வாங்கியதும் இதை என் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். தீபாவளிக்குச் சேலை எடுக்கும்போது என் கையில் அகப்பட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது, அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கேமராவில் படிக்க என்ன இருக்கிறது? எல்லாம் படம். பூப் படம் போட்டிருந்தால் கிட்டத்தில் இருக்கிற பொருளுக்கு. மலைப் படம் தூரத்துக்கு. கடிகாரப் படம் ஒன்று இருக்கிறது பார், அதுதான் எனக்கு அதிசயம். மகள் அதன்மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள். அதை அழுத்திவிட்டுப் பெரிய பட்டனையும் அழுத்தினால், நாம் ஓடிப் போய் நிற்கும் வரைக்கும் பொறுத்திருந்து, தானாகவே படம் பிடித்துவிடுகிறது. அப்படிப் பொறுமையான சாமானை நான் கண்டதில்லை. சோறு பொங்குகிற குக்கர்கூட வேலை முடிந்தால் கத்துகிறது.

சரி, அது பொறுமையாக இருக்கிறது. எங்கே இருப்பது? அரிசி வாளிமேல் வைத்தேன், என் முழங்கால் மட்டும் வந்தது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், மின்விசிறி வந்தது. பழைய செய்தித்தாளை அடுக்கி அதன்மேல் வைத்தேன், சரிந்து விழப் பார்த்தது. மகளை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஃபோன்லயே எடுக்கலாம்மா. இல்ல, ஸ்டாண்டுதான் வேணும்னா நான் ஆன்லைன்ல வாங்கி அனுப்பறேன். அங்க மூரா."

மூராவாகத்தான் இருக்கும். மலிவு யாருக்குக் கசக்கிறது?

"படத்துல இருக்கறத எப்படிடி அமுக்கிப் பாக்கறது?"

"ஸ்டாண்ட எதுக்கும்மா அமுக்கணும்?"

"நீ கட்டில் வாங்கறப்ப கடையில ஏறிக் குதிச்சியே, அது எதுக்கு?"

கடைக்கே போவது என்று முடிவு பண்ணினேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்ற காசு டின்னில் இருந்தது. டின்னுக்கு மேலே ஒரு வெள்ளிகூடப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்கிறாயா? அக்காவுக்காகத்தான். பாலோவில் இருக்கிற என் அக்காவை நீ பார்த்திருக்கிறாய், போன தைப்பூசத்துக்கு வந்து உன் வீட்டுக் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு போனாளே. அவள் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று முடிவாகிவிட்டது. பாலோ வீடு வாடகைக்கு. திரும்பி வருவாளா என்று கேட்டால், "குளிர் ஒத்துக்கலன்னா வருவேன்" என்கிறாள். ஒத்துக்கொள்ளக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளவா முடியும்?

குளுவாங்கில் எங்கள் அண்ணி இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் எஸ்டேட் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அண்ணி அப்போது அண்ணி இல்லை, மூன்றாவது வீட்டுப் பெண். தினமும் எங்கள் வீட்டுக்கு மிளகாய் கேட்டு வருவாள். கடைசியில் எங்கள் அண்ணனையே கட்டிக்கொண்டு, கேட்காமலே மிளகாய் எடுக்கிற உரிமையை வாங்கிவிட்டாள். அப்படிப்பட்ட மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு படம் கிடையாது. ஆல்பத்தைத் திறந்து பார். நானும் அக்காவும் நிற்கிற படத்தில் எங்கள் தலை பாதி இல்லை, பிடித்தது அண்ணி. நானும் அண்ணியும் நிற்கிற படத்தில் ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல். அவர்கள் இரண்டு பேரும் நிற்கிற படம்தான் நன்றாக இருக்கும், பிடித்தது நான்.

வேறு யாராவது பிடித்தால் ஆகாதா என்பாய். பிடிப்பார்கள். ஆனால் மூன்று பேராக நின்றால் பெரியவர்கள் விடமாட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து படம் பிடித்தால் ஒருத்தருக்கு ஆகாது என்று, போகிற வருகிற யாரையாவது இழுத்து நாலாவதாக நிறுத்திவிடுவார்கள். என் நிச்சயதார்த்தப் படத்தில் எங்கள் நடுவில் நிற்கிற பெண் யாரென்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இப்போது அந்தப் பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சொல்ல ஆள் இல்லை. ஸ்டாண்டு வாங்கிவிட்டால் பிடிக்கவும் ஆள் தேவையில்லை. எவ்வளவு லேசான காரியம்! அப்படித்தான் நினைத்தேன்.

நம் பத்து பாகாட் பஸ் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் பாஸ்போர்ட் படம் பிடிக்கிற பழைய கடை இருக்கிறதே, அங்கே போனேன். ஸ்டாண்டு கேட்டதும் தவுக்கே ஒன்றை எடுத்து விரித்து வைத்தார். பார்த்தேன். மூன்று கால். மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பமாட்டோம், தட்டில் மூன்று தோசை வைக்கமாட்டோம். அக்கா பிளேன் ஏறுகிற நேரத்தில் மூன்று காலைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவதா? பெரியவர்கள் போய்விட்டார்கள் என்றேனே, ஒருத்தி எனக்குள்ளேயே இருந்திருக்கிறாள். நாங்கள் பேசினது மலாய், உனக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

"இதே மாதிரி நாலு கால்ல இருக்கா தவுக்கே?"

"நாலா? ஆன்ட்டி, கேமராக்கு மூணு கால்தான். எங்க போனாலும் மூணுதான்."

"மூணு எங்களுக்கு ஆகாது."

"நாலு எங்களுக்கு ஆகாது லா!"

இரண்டு பேரும் விரலை நீட்டியபடி நின்றோம். அந்த நேரத்தில்தான் கடைசி வீட்டுக்காரி கடந்து போயிருக்க வேண்டும். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். எனக்கும் ஞாபகம் வந்தது. நம் குடியிருப்புத் தாமானிலேயே பின்வரிசையில் மூன்றாம் வீட்டுக்கு அடுத்து, நாலு போடாமல் மூன்று ஏ போட்டிருக்கிறார்களே! ஏன் இப்படி என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன். சீனர்களுக்கு நாலு ஆகாது என்று அதற்கா அர்த்தம்! ஒரே ஊரில் இத்தனை காலம் இருந்திருக்கிறோம், அவர்கள் பயப்படுகிற எண்ணைக் கொண்டுவந்து நாம் காப்பு என்று நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

"வா ஆன்ட்டி, ஏன் மூணுன்னு காட்டறேன்" என்று என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கடை நடைபாதையை உனக்குத் தெரியும், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், பாதி ஓடு பெயர்ந்து கிடக்கும். சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி, அதை முக்காலி என்கிறோம், ஆனால் அதற்கு நாலு கால், அதைப் போட்டு உட்காரச் சொன்னார். டக் டக் என்று ஆடியது. திருப்பிப் போட்டார், அப்போதும் ஆடியது. ஸ்டாண்டை அதே இடத்தில் வைத்தார். ஆடவில்லை. மேட்டில் ஒரு காலும் பள்ளத்தில் இரண்டு காலுமாக வைத்தார். கொஞ்சம் சாய்ந்து நின்றதே தவிர, ஆடவில்லை. நானும் கையில் வாங்கி, உடைந்த ஓட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். ஊகும், ஆட்டமே இல்லை.

"அலமாக், அடுப்பு!" என்று கத்திவிட்டேன்.

லயத்தில் வெளியே சமைக்கும்போது மூன்று கல்தானே வைப்போம்? நாலு கல் வைத்தால் பானை ஆடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. கையால் செய்தது எனக்குத் தலையில் ஏறவில்லை பார். தவுக்கேயிடம் சொன்னேன். "எங்கம்மாவும் கிராமத்துக் கம்பத்துல அப்படித்தான் சமைச்சாங்க" என்றார். பிறகு எங்களுக்குள் என்ன சண்டை?

அப்புறம்தான் தேர்ந்தெடுக்கிற வேலை ஆரம்பித்தது. முதலில் காட்டியது நல்ல திடம். அதன்மேல் நானே ஏறி உட்காரலாம். தூக்கினேன், அரிசி மூட்டை. அதை வைத்துக்கொண்டு குளுவாங் பஸ் ஏறி, அங்கிருந்து பாலோ பஸ் ஏறினால், படத்தில் நான் படுத்திருப்பேன். விலையும் என் டின்னைத் தாண்டிப் போயிற்று. அடுத்தது கணவாய் மீன் மாதிரி வளைகிற கால். கையளவுதான். கம்பியில் சுற்றலாம், மரக்கிளையில் சுற்றலாம். ஆசையாக இருந்தது, வளைத்து வளைத்துப் பார்த்தேன். ஆனால் அக்கா வீட்டு வாசலில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது? தரையில் வைத்தால் மறுபடியும் முழங்கால்.

மூன்றாவது மிகவும் மலிவு, குடை மாதிரி மடங்குகிறது. முழுக்க இழுத்து நிறுத்தினேன். கடைசிக் கால் இறைச்சி செருகுகிற சாத்தே குச்சி மாதிரி இருந்தது. உள்ளங்கையை மேலே வைத்து மெதுவாக அழுத்தினேன், கால் விரிந்து கீழே போயிற்று. படத்தில் பார்த்து வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்குமா? நீயே சொல். இன்னொன்று நன்றாகவே இருந்தது, ஆனால் காலை நீட்டத் திருக வேண்டும். என் விரல் மூட்டு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுவதற்கே மகளுக்குக் காத்திருக்கிறது.

கடைசியில் எடுத்தது, திருகாமல் கிளிப்பைத் தூக்கினால் டப்பென்று திறந்து, அமுக்கினால் டப்பென்று மூடுகிறது. கனமும் இல்லை, காற்றாகவும் இல்லை. மடக்கினால் என் மார்க்கெட் கூடையில் குறுக்கே கிடக்கும், முனை மட்டும் வெளியே நீட்டும். நடுத்தண்டுக்கு அடியில் ஒரு கொக்கி இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். கனமான பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாதாம். உடனே என் கூடையிலிருந்த வெங்காயப் பையை மாட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது! தவுக்கே இன்னொன்றும் சொன்னார்: முடிந்த வரைக்கும் அடியில் இருக்கிற மெல்லிய காலை இழுக்காதே, நடுத்தண்டையும் உயர்த்தாதே, இரண்டும் ஆடும். எவ்வளவு உயரம் போகிறது என்று காட்டித்தான் எல்லாரும் விற்கிறார்கள், இவர் உயர்த்தாதே என்கிறார். அதனால்தான் அவரை நம்பினேன். டின்னில் பஸ் காசும் மிஞ்சியது.

கேமராவுக்கு அடியில் ஒரு சின்னத் தட்டை மாட்டி, இருபது சென் காசால் திருக வேண்டும். அதை வீட்டில் எத்தனை தடவை மாட்டிக் கழற்றினேன் என்று கேட்காதே. சும்மாவே மாட்டுவேன். அந்தத் தட்டு ஸ்டாண்டில் உட்காரும்போது க்ளிக் என்று ஒரு சத்தம் வருகிறது பார், அதைக் கேட்கத்தான்.

பஸ்ஸில் டிரைவர், தூண்டிலா என்று கேட்டார். கேமராவுக்கு என்றேன். வண்டியை எடுக்காமல் தலையை வாரிக்கொண்டு, என்னையும் ஒரு படம் பிடி என்கிற மாதிரி சிரித்துக் காட்டினார். குளுவாங்கில் அண்ணியும் ஏறிக்கொண்டாள்.

அக்கா வீடு பாதி காலி. நாற்காலி, மேசையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். கேமராவை எதன்மேலாவது வைக்கலாம் என்று வந்திருந்தால் திரும்பத்தான் வேண்டியிருக்கும். வாசல் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிற்பது என்று முடிவாயிற்று. தூறல் விட்டு விட்டு விழுந்தது. ஸ்டாண்டை விரித்து, அக்கா கொடுத்த வெங்காயத்தையும் புளியையும் பையில் போட்டுக் கொக்கியில் தொங்கவிட்டு, கேமரா நனையாமல் என் பூத்துண்டை அதன் தலைமேல் போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி ஒதுக்கிவிட்டேன். அண்ணி பவுடர் பூசிக்கொண்டாள். அக்கா நடுவில் நின்றாள். நான் சிவப்புப் பொட்டில் விரல் வைத்தேன்.

"இருடி" என்றாள் அக்கா. "மூணு பேரா நிக்கிறோம்?"

"மூணு பேருதானே அக்கா இருக்கோம்?"

"வேண்டாம். போற நேரத்துல மூணு பேரா வேண்டாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேனே, அவர்கள் விட்டுப்போன இடத்தில் அக்கா நிற்கிறாள். அண்ணிதான் எகிறினாள்.

"எழுவது வயசு தாண்டியாச்சு. இனிமே ஆகறதுக்கும் ஆகாததுக்கும் என்ன இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. நான் பிளேன் ஏறணும்."

"அடுப்புக்கே மூணு கல்லுதான் அக்கா" என்றேன்.

"நாம என்ன வேகறதுக்கா நிக்கிறோம்?"

அண்ணி உள்ளே போய் ஒரு தேங்காயைத் துணியில் சுற்றிக் கைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தைப் பெர்த்தில் கொண்டுபோய் மாட்டினால் மருமகள் என்ன நினைப்பாள் என்று அக்கா துரத்தினாள். பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா சத்தம் கேட்டு வேலிக்கு வந்தார். வாங்க, நாலாவதாக நில்லுங்கள் என்று கூப்பிட்டோம். "நாலு பேரா? தாக் மாவ்!" என்று, வேண்டவே வேண்டாமென இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டுமானால் நாயையும் கூட்டி வருகிறேன், ஐந்தாகிவிடும் என்றார். நாய் வந்தது. வெங்காயப் பையை மோந்து பார்த்துத் தும்மிவிட்டு அந்தம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

தூறல் வலுத்தது. பாலோவிலிருந்து திரும்புகிற பஸ்ஸையும் பார்க்க வேண்டும். போதும் என்று ஸ்டாண்டை மடக்கக் கை வைத்தேன்.

அக்கா வீட்டுக்குள் போகத் திரும்பினாள். கண்ணாடிக் கதவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அது யாருடி?"

நாங்களும் பார்த்தோம். கண்ணாடியில் நாங்கள் மூன்று பேர். எங்களுக்குப் பின்னால், ஒல்லியாக, தலையில் பூத்துண்டு போட்டு, இடுப்பில் பை தொங்க, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். மார்க்கெட்டிலிருந்து வந்தவள் மாதிரியே.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு விரலை நீட்டி எண்ணினாள். "நான், நீ, இவ, அவ. ஏன்டி, அவ படத்துல விழுவாளா?"

கேமராவின் பின்பக்கம் தெரிகிற படத்தைப் பார்த்தேன். அக்காவும் அண்ணியும் ஒட்டி நின்றால் அவள் மறைந்துவிடுவாள், கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணாடியில் நன்றாகத் தெரிவாள்.

"அப்போ அவளுக்கு இடம் விடுங்கடி" என்றாள் அக்கா. அண்ணியைத் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

முதல் படத்தில் ஓடுகிற என் முதுகுதான் வந்தது. இரண்டாவதில் அண்ணி, "எடுத்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், பல் அத்தனையும் தெரிகிறது. மூன்றாவதுதான் படம். ஒரு ஓரத்தில் நான், மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு அக்கா. அக்காவுக்கும் அண்ணிக்கும் நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில், கண்ணாடிக்குள், பூத்துண்டுக்காரி. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

தவுக்கே கடையிலேயே ஆளுக்கொன்று பெரிசாகப் போட்டு வாங்கினேன். அவரும் கண்ணாடியில் இருப்பதைக் கண்டுபிடித்து, "இது என் கடைச் சாமானாச்சே" என்று கல்லாவைத் தட்டிச் சிரித்தார். அக்கா தன்னுடையதைச் சேலைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறினாள். நேற்றுக் கூப்பிட்டாள். குளிர் ஒத்துக்கொண்டதாம், அது வேறு விஷயம். படத்தை அங்கே கூடத்தில் மாட்டியிருக்கிறாள். மருமகள் பார்த்துவிட்டு, "நடுவுல யாருக்கு அத்தை இடம் விட்டிருக்கீங்க?" என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"எங்க நாலாவது ஆளு, கிட்டப் போய்ப் பாருன்னு சொன்னேன். மூக்கு கண்ணாடில முட்ற வரைக்கும் பாத்துட்டு, அப்புறமும் யாரு யாருன்னு கேக்கறா. உனக்கு அவளத் தெரியாது, பத்து பாகாட்டுல என் தங்கச்சி வீட்டுல இருக்கான்னுட்டேன்."

உனக்கும் காட்டுகிறேன், உள்ளே வா, சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் மாட்டி... ஐயோ, இது என்ன சத்தம்? மழையா? தங்கச்சி, பின்னால் கொடி நிறையத் துணி கிடக்கிறது! கொடி தொங்குகிறதே என்று முட்டுக் கொடுக்க அவளைத்தான் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். இரு, இரு, அவள் நனைகிறாள்.